கெசாவுக்குக் கொடுத்த வாக்கு

ஏப்ரல் 12, புதன்

பழக்கதோஷம். உடைமாற்றும் அறையில் என் பழைய இடத்திலேயே போய் உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் கெசா ஷூ நாடாவை இறுக்கிக்கொண்டே, "கோச் மேடம், உங்க ரூம் அந்தப் பக்கம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

பதினோரு வருடம் இந்தக் கால்பந்து அணியின் நடுக்களத்தில் நானும் அவளும். அவள் பந்தைப் பறிப்பாள், நான் முன்னே கொண்டுபோவேன். ஜனவரியில் என் முழங்கால் முடிந்துபோனது. பிப்ரவரியில் இதே அணிக்கு என்னைப் பயிற்சியாளர் ஆக்கிவிட்டார்கள். இப்போது கெசா கேப்டன், நான் கோட்டுக்கு வெளியே. ஓர் அடி உள்ளே வைத்தால் நடுவர் விசில் ஊதுகிறார்.

ஏப்ரல் 16, ஞாயிறு

0–0. கார்னர் பந்துக்கு எம்பியபோது கெசாவும் எதிரணிப் பெண்ணும் தலையோடு தலை மோதிக்கொண்டார்கள். ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு ஆடினாள்.

இன்னும் நான்கு ஆட்டங்கள். தோற்றால் மூன்றாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

ஏப்ரல் 19, புதன்

கெசா வீட்டில் தேநீர். அவள் கணவன் ஓக்கோ கப்பலில் போயிருக்கிறான், மே மாதம்தான் வருவான். கோப்பைக்கு வெளியே ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"வீப்கெ, ஒண்ணு சொல்றேன். கோச்சா கேக்காத."

ஞாயிறிலிருந்து வெளிச்சம் பட்டால் கண் கூசுகிறதாம். குனிந்தால் தலை சுற்றுகிறதாம். "நேத்து கடையில ரொட்டிக்கு என்ன பேருன்னு வாய்ல வரல. விரலை நீட்டிக் காட்டி வாங்கினேன்."

"டாக்டர்கிட்ட போடி."

"போனா என் கதை முடிஞ்சுது. முப்பத்தஞ்சு வயசு எனக்கு. இந்த சீசன்தான் கடைசி. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். எதுக்குச் சொன்னேன்?

ஏப்ரல் 23, ஞாயிறு

அவளை இறக்கினேன். 1–0 ஜெயித்தோம். கோல் போட்டதும் அவள்தான் — தலையால்.

கிளப் தலைவர் ஃபோல்கர்ட்ஸ் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார். "கெசா இருக்கிற வரைக்கும் நமக்கென்ன பயம்!"



ஏப்ரல் 27, வியாழன்

ஃபோல்கர்ட்ஸின் டயர் கடைக்குப் போய், விலகிக்கொள்கிறேன் என்றேன். கையைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

"மூணு வாரத்துக்கு கோச்சிங் லைசன்ஸ் இருக்கிற ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்? ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க. என்ன காரணம், அதைச் சொல்லுங்க."

காரணத்தைச் சொன்னால் வாக்கு போயிற்று. சொல்லாமல் விலகினால், வருகிறவர் தெரியாமல் அவளை இறக்குவார். இருந்தாலோ, நான் தெரிந்தே இறக்குவேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

"களைப்பா இருக்கு, அவ்வளவுதான்" என்றேன்.

"எல்லாருக்கும்தான்" என்றார்.

ஏப்ரல் 29, சனி

நாளைய பட்டியலில் முதல் பெயர் கெசா. என் கையெழுத்துதான்.

ஏப்ரல் 30, ஞாயிறு

இடைவேளை. 0–0. நான் பலகையில் வரைந்து விளக்கிக்கொண்டிருந்தேன். கெசா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் எல்லோருக்கும் கேட்டது:

"ஏன்டி, நீ இன்னும் ஜெர்சி போடல? ஆட்டம் ஆரம்பிக்கப் போகுது."

யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள்.

அவள் கையிலிருந்து கேப்டன் பட்டையைக் கழற்றினேன். மைதானத்து மருத்துவரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். கெசா என்னைப் பார்த்த பார்வை... பிறகு கத்தினாள். "உன்னை நம்பிச் சொன்னேன்டி! உன் வேலையைக் காப்பாத்திக்க என்னை வித்துட்டே!"

0–2.

மே 2, செவ்வாய்

மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள்: இனி ஆடவே கூடாது. இரண்டாவது முறையும் அடி பட்டிருக்கிறது, அந்த 23ஆம் தேதி கோலில்.

என்னை உள்ளே விட வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லி வைத்திருக்கிறாள்.

மே 3, புதன்

பயிற்சி முடிந்ததும் கோல்கீப்பர் டோம்கெ மட்டும் நின்றாள்.

"முன்னாடியே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"அப்புறம் எப்படி இறக்கினீங்க?"

நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவள். கையுறையை உதறிவிட்டுப் போனாள்.

மே 14, ஞாயிறு

இறங்கிவிட்டோம். ஃபோல்கர்ட்ஸ் தோளில் தட்டி, "மூணாம் பிரிவுலயும் உங்க ஒப்பந்தம் செல்லும்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஜூன் 20, செவ்வாய்

ரொட்டிக்கடையில் ஓக்கோ. "தலைவலி கொறைஞ்சிருக்கு. சைக்கிள் ஓட்டுறா" என்றான். என்னைப் பற்றிப் பேசுகிறாளா என்று கேட்டேன். சில்லறையை எண்ணிக்கொண்டிருந்தான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

மூன்றாம் பிரிவில் முதல் ஆட்டம். பேய்க்காற்று. எழுபதாவது நிமிடம் வரை 0–1.

தடுப்புக் கம்பிக்கு அப்பால், எதிரணி ஆட்கள் நிற்கிற பக்கத்திலிருந்து ஒரு குரல். மைதானம் முழுக்கக் கேட்டிருக்கும்.

"வீப்கெ! இடது பக்கம் காலியாக் கிடக்கு! கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு உனக்கு?"

கறுப்புக் கண்ணாடி, கம்பளித் தொப்பி. கெசா.

திரும்பிப் பார்த்தேன். இடது பக்கம் காலியாகத்தான் இருந்தது. ஆளை மாற்றினேன். 1–1.

விசில் ஊதியதும் தேடினேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு வெளியூர் ஆட்டம். பேருந்து ஒன்பது மணிக்கு என்று அவளுக்கு ஒரு வரி எழுதி அனுப்பினேன். இப்போதுதான் பதில் வந்தது: "முன் சீட்டு எனக்கு. பின்னாடி உக்காந்தா தலை சுத்தும்."