மூன்றாம் தூணில் அழிந்த வட்டங்கள்

கோயம்புத்தூர்
ஐப்பசி 9, ஞாயிறு

அன்புள்ள இளவேனில் அப்பாவுக்கு, பொற்கொடி எழுதறது. நானும் நம்ம இளவேனில் பாப்பாவும் சுகமா இருக்கறோமுங்க. தோஹாவுல வெயில் தணிஞ்சுதா, சோறு வாய்க்குப் புடிக்குதா? பல்லைக் கடிச்சுட்டு எதையாவது தின்னுபோட்டுப் படுத்துக்காதீங்க.

தினமும் போன்ல பேசறவ எதுக்குக் கடுதாசி எழுதறான்னு நினைப்பீங்க. உங்க ரூம்லயே, இங்க பாலம் வேலை எடுத்திருக்கற சசிதர் சாரோட தம்பி ரவிதேஜா இருக்காரு. நீங்களோ ஸ்பீக்கர்ல போடாம பேசவே மாட்டீங்க. அதான் நாளைக்கு அங்க வர்ற பிரான்சிஸ் அண்ணன் கையில கொடுத்தனுப்பறேன். வேற யாருகிட்டயும் காட்டாதீங்க.

பாப்பாவுக்கு முன்பல் ரெண்டும் விழுந்துபோச்சு. ஸ்கூல் பஸ் இப்பவும் சுத்தித்தான் போகுது, ஆறே முக்காலுக்கே கிளப்பிவிடறேன். வெள்ளிக்கிழமை நம்ம நொய்யல் பழைய பாலத்தை ரிப்பேர் முடிஞ்சுதுன்னு திறந்துவிடறாங்க. அப்புறம் அரைமணி நேரம் கூடத் தூங்கலாம்னு குதிச்சுட்டு இருக்கறா. அவளை அந்தப் பாலத்து மேல அனுப்ப எனக்கு மனசில்லீங்க.

நீங்க போன மறுவாரம் எனக்கும் அந்தப் பாலத்துலயே வேலை கிடைச்சுதுன்னு சொன்னேனில்ல. புதுசாப் பூசுன இடத்துல சாக்கு கட்டித் தண்ணி ஊத்தறது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சசிதர் சார் எல்லாரையும் கூப்பிட்டு, தூணையெல்லாம் கழுவிப் பொட்டு வைக்கலாம்னாரு. மூணாம் தூணை நான் கழுவறேன்னு நாந்தான் முந்திக்கிட்டேன். எங்க ஊட்டுக்காரரு சாரத்துல ஏறி நின்ன தூணாச்சேன்னு ஒரு பெருமை. மேல பூராவும் சாக்பீஸ் வட்டம். சுத்தியல்ல தட்டி, உள்ள காரை விட்டுப்போய்ப் பொக்குச் சத்தம் கேட்ட இடத்துல நீங்க போட்டதுன்னு தெரியும். ஏனுங்க சார், இதை அழிக்கலாமான்னு கேட்டேன். எல்லாம் எழுதியாச்சு அம்மணி, பூஜைக்கு அழுக்காவா விடறதுன்னாரு. பைப்பைப் புடிச்சு அடிச்சேன். ஒரு வட்டம் மிச்சமில்லாமக் கழுவிப்போட்டு, சந்தனம் குங்குமம் வெச்சுக் கும்பிட்டேன்.

பூஜை முடிஞ்ச மறுநாளே நாலு இடத்தை மட்டும் உடைச்சுப் பூசுனாங்க. ரெண்டே நாள்ல தூண் பூராவும் பெயிண்ட். மூணாம் தூண்ல மட்டும் பத்தொம்பது இடம், கம்பியெல்லாம் துரு தின்னுபோச்சுன்னு நீங்க சோறு திங்காம உக்காந்திருந்தது அப்பத்தான் நெஞ்சுல உறைச்சுது. போன புதன்கிழமை எல்லாரும் சாப்பிடப் போனப்ப ஒரு சின்னச் சுத்தியல எடுத்துத் தட்டிப் பார்த்தேன். என் கைக்கு எட்டுன உயரத்துலயே ஆறு இடம் பொக்குனு கேட்டுது. மேல எத்தனைன்னு எனக்குத் தெரியாதுங்க. பெயிண்ட் மேலயே துருத்தண்ணி கசியுது, காலையில ஒரு ஆள் வந்து துடைச்சுட்டுப் போறான்.

சசிதர் சார்கிட்டப் போய்ச் சொன்னேன். அவரு கோவிக்கவே இல்ல. உக்காரச் சொல்லி டீ வாங்கிக் கொடுத்தாரு. உங்க ஊட்டுக்காரரு கௌதமன் கொடுத்த நோட்டுல நாலுதான் இருக்குது, நீங்க தண்ணி ஊத்தற வேலையப் பாருங்க அம்மணின்னாரு. அப்புறம், கௌதமன் அங்க நல்லா இருக்காருங்களா, ரவிதேஜா கூடவே இருக்கான், நல்லாப் பார்த்துக்குவான்னாரு. அந்த டீயை என்னால குடிக்க முடியல.

இப்ப ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. பத்தொம்பதைக் குறைச்சு எழுத மாட்டேன்னு நீங்க சொன்ன பத்தாம் நாள் சசிதர் சார் மூலமா உங்களுக்கு விசா வந்துது. நம்ம கஷ்டம் தீர்ந்துதுன்னு நான் கோயிலுக்குப் போய்ப் பொங்கல் வெச்சேன். உங்களை இங்கிருந்து கிளப்பத்தான் அந்த விசான்னு உங்களுக்கு அப்பவே தெரியுமுங்களா? தெரிஞ்சுதான் போனீங்களா? தெரியாதுன்னே நினைச்சுக்கறேன்.

பத்தொம்பது இடமும் எங்கெங்கன்னு ஒரு பேப்பர்ல வரைஞ்சு, உங்க பேரைப் போட்டு, கையெழுத்துப் போடுங்க. பிரான்சிஸ் அண்ணன் தன்னோட போன்ல படம் புடிச்சு அனுப்புவாரு. வியாழக்கிழமைக்குள்ள வந்தா கலெக்டர் ஆபீஸ்ல கொண்டுபோய் நானே கொடுத்துடுவேன். தண்ணி ஊத்தறவ பேச்சை யாரும் கேக்க மாட்டாங்க. தட்டிப் பார்த்த ஆளு எழுதுனாக் கேப்பாங்க.

வெள்ளிக்கிழமை பாப்பாவுக்குக் காய்ச்சல்னு சொல்லி ஊட்டுலயே வெச்சுக்குவேன். அதுக்கு மேலயும் என்னத்தையாவது சொல்லுவேன். ஆனா அந்த பஸ்ல முப்பத்தெட்டுப் பிள்ளைங்க போகுதுங்க. அவங்க அம்மாமார் டாட்டா காட்டறப்ப நானும் அந்தத் தெருமுனையிலதான் நிக்கணும்.

நீங்க எழுதுனா அங்க உங்களை என்ன செய்வாங்கன்னு எனக்குத் தெரியும். திருப்பி அனுப்பிப்போட்டாங்கன்னா ஏர்போர்ட்டுக்கு நானும் பாப்பாவும் வந்து நிக்கறோம். கையில ஒண்ணும் இல்லாட்டியும் பரவால்ல, கை கால் சுகமா வந்து சேருங்க சாமி.

உங்கள்
பொற்கொடி