கெமிஸ்ட்ரியை விட்டு ஜியாலஜி எழுதியவளுக்கு

காலையில் ஆம்லெட்டுக்காக உடைத்த முட்டை அழுகியிருந்தது. சமையலறை முழுக்க நாற்றம். நான் ஜன்னலைத் திறப்பதற்குள் உன் ஞாபகம் வந்துவிட்டது. பியூசி படிக்கும்போது ஆய்வகத்தில் இந்த நாற்றம் கிளம்பினால் நாங்கள் எல்லாரும் தாவணியை மூக்கில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்கு ஓடுவோம். நீ மட்டும் சோதனைக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "ஓடாதடி வசந்தா! கறுப்பா படியுது பாரு, எவ்ளோ அழகு!" என்று கத்துவாய்.

அப்படிப்பட்டவள், பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போடும்போது கெமிஸ்ட்ரியை விட்டுவிட்டு ஜியாலஜி என்று எழுதினாய். நீ இறந்துபோய் இரண்டு வருஷமாகிறது. என் எரிச்சல் மட்டும் போகவில்லை.

உன் நெருக்கடி எனக்குத் தெரியாதது அல்ல. முதுநகர்க் கடைத்தெருவில் கயிறும் சாக்கும் விற்றுக்கொண்டிருந்த உன் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "சீட்டு கெடச்சா படி. கெடைக்கலன்னா தையில கல்யாணம்." அறுபதுகளில் நம் தெருவில் ஒரு பெண்ணுக்கு அந்த அளவுக்கு இடம் கொடுத்ததே பெரிது. ஆகவே ஒரே வாய்ப்பு. நேர்வழியில் போகிறவளுக்கு அது போதும். நீயோ யோசிக்க ஆரம்பித்தாய்.

சாமி பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு சிதம்பரத்துக்கு ரயிலேறினாய். கோயில் பக்கமே போகவில்லை. நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போய், விண்ணப்பம் கொடுக்கும் குமாஸ்தாவிடம், "எந்தப் பாடத்துக்கு சார் ஜாஸ்தி கேக்குறாங்க?" என்றாய்.

அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "எல்லாரும் கெமிஸ்ட்ரிதாம்மா. ஜியாலஜி பக்கம் ஈ காக்கா இல்ல."

போதாதா உனக்கு? திரும்பும் ரயிலில் பாடம் எடுத்தாய். முதலில் எழுதுகிற பாடத்தைத்தான் முதலில் பார்ப்பார்களாம். கெமிஸ்ட்ரியை முதலில் எழுதி அது கை நழுவினால், இரண்டாவதாக எழுதியது அதற்குள் நிரம்பிப் போயிருக்குமாம். "அதனால யாரும் கேக்காதத மொதல்ல எழுதணும். உள்ள பூந்துட்டா அப்புறம் கெமிஸ்ட்ரிக்கு மாறிக்கலாம்டி."

"மாற வுடுவாங்களா?"

"அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"ஒனக்குத்தான் மார்க்கு இருக்குதே. நேராவே கேளேன்!"

"எல்லாரும் நிக்கிற வரிசையில நானும் போயி நிக்கணுமா?"

உன்னைப் போல யோசிக்க எனக்குத் தெரியவில்லை. உன்னைவிடக் குறைந்த மார்க்கை வைத்துக்கொண்டு கெமிஸ்ட்ரி என்றே எழுதினேன். "முட்டிக்கிட்டுத்தான் திரும்பப் போற" என்று என்மேல் பரிதாபப்பட்டாய்.

நேர்முகத் தேர்வன்று உள்ளே போய்விட்டு வந்து நான் வராந்தாவில் நின்றிருந்தேன். அடுத்து நீ. கதவு திறந்தே கிடந்தது. ஜியாலஜி மாணவர்கள் மலைப் பக்கம் போய் முகாம் போட்டுத் தங்க வேண்டியிருக்கும், வீட்டில் அனுப்புவார்களா என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். "அனுப்புவாங்க சார்" என்றாய், கண்ணிமைக்காமல். அப்பா வந்திருக்கிறாரா, அவரையே கேட்டுவிடலாம் என்று சொல்லி உள்ளே கூப்பிட்டார்கள்.

அவரிடம் நீ ஜியாலஜியைப் பூகோளம் மாதிரி ஒரு படிப்பு என்று சொல்லி வைத்திருந்தாய். டீச்சர் வேலை கிடைக்கும் என்று அவரும் நம்பியிருந்தார்.

"மலையா? எந்த மலைங்க?" என்று அவர் கேட்டது வராந்தா முழுக்கக் கேட்டது. விளக்கினார்கள். சுத்தியல், பாறை, கூடாரம். அவர் உன்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கைகூப்பி, "மன்னிச்சிக்குங்க சார், இது எங்களுக்குத் தோதுப்படாது" என்று உன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். "கெமிஸ்ட்ரி, சார், கெமிஸ்ட்ரி" என்று நீ திரும்பித் திரும்பிச் சொன்னாய். விண்ணப்பத்தில் நீ எழுதாமல் விட்ட வார்த்தை அதுதான். அதற்குள் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

எனக்கு இடம் கிடைத்தது. அதைவிடக் கொடுமை, வகுப்பில் என் பக்கத்து மேசைக்காரி என்னைவிடவும் குறைந்த மார்க் வாங்கியவள். உன் மார்க்குக்குக் கூப்பிட்டே கொடுத்திருப்பார்கள். அதைக் கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

தையில் உனக்குக் கல்யாணம். உன் அப்பாவிடம் சாக்கு வாங்கும் காட்டுமன்னார்கோயில் ரைஸ்மில்காரரின் மகன். மணவறையில் மாலையும் கழுத்துமாக இருந்துகொண்டு என்னைக் குனியச் சொல்லி, "யோசன சரிதாண்டி. அப்பாவ உள்ள கூப்புடுவாங்கன்னு எவளுக்குத் தெரியும்?" என்றாய். ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் நானும் உன்னோடு அழுதிருப்பேன். அதற்கும் வழியில்லை.

அதோடு விட்டாயா? எந்தப் பாடத்துக்கு எழுதலாம் என்று கேட்டுச் சுற்றுவட்டப் பிள்ளைகள் மில்லுக்கு வர ஆரம்பித்தார்கள். யாரும் நிற்காத வரிசையாகப் பார்த்து அவர்களை அனுப்பினாய். அவர்களுக்கெல்லாம் கிடைத்தது! ஸ்வீட் பாக்கெட்டோடு வந்து நன்றி சொன்னார்கள். அதையே எனக்கும் எடுத்து நீட்டுவாய். தொண்டையில் இறங்குமா அது?

ஒருமுறை என் வீட்டுக்காரர், "உனக்கு வழி விடத்தான் அவுங்க ஒதுங்கினாங்களோ என்னமோ" என்றார். நான் ஆடிப்போய்விட்டேன். மறுநாளே பஸ் பிடித்து வந்து உன்னிடம் கேட்டேன். நீ தவிடு பறக்கும் மில் வாசலில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய்.

"ஒனக்காக நான் ஏண்டி ஒதுங்கப் போறேன்? நல்லாருக்கே கத! ஜெயிக்கணும்னுதான் அப்படி எழுதுனேன். வா, மோர் குடி."

எனக்காக நீ விட்டுக்கொடுத்தாய் என்று நினைத்து நான் ஆறுதல்பட்டுக்கொள்வதைக்கூட நீ விட்டுவைக்கவில்லை.

பின்னாளில் கல்லூரியில் கெமிஸ்ட்ரி சொல்லிக்கொடுத்தேன். சேர்க்கை நடக்கும் நாட்களில் மேசைக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருப்பேன். நல்ல மார்க்கை வைத்துக்கொண்டு, யாரும் கேட்காத ஒரு பாடத்தைத் தயங்கித் தயங்கிக் கேட்கும் பெண் ஒருத்தி வருஷம் தவறாமல் வருவாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "உனக்கு எது பிடிக்கும்? அதை மட்டும் சொல்" என்பேன். கோபமாகத்தான் கேட்பேன். சில பெண்கள் அழுதும் இருக்கிறார்கள். அந்தக் கோபம் தங்கள்மேல் இல்லை என்று பாவம் அவர்களுக்கு எப்படித் தெரியும்?