ஷர்மிளா தூங்கும் தரை

செம்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஹபீபா அக்காவுக்கு,

வணக்கம். நாக்பூரில் சுகமாக இருக்கிறீர்களா? தமிழ் வாசிக்க உங்களுக்கு நேரமாகும் என்றீர்களே, அதனால் எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

மண் தோண்டும்வரை தங்கியிருந்த முலுண்ட் சித்தி வீட்டிலிருந்து நேற்று திரும்பிவிட்டோம். பக்கத்துப் பெட்ரோல் பம்பில் பூமிக்குள் ஒழுகிக்கொண்டிருந்த டேங்கை எடுத்து, எங்கள் சுவர் வரைக்கும் இருந்த கறுப்பு மண்ணையும் லாரியில் அள்ளிப்போய்விட்டார்கள். பாப்பா ஷர்மிளாவுக்கு இருமல் இல்லை. கடைக்குள் இப்போது அரிசி வாசனைதான் வருகிறது. அம்மா மூச்சை இழுத்து இழுத்து அதை முகர்ந்து பார்க்கிறாள்.

மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து மண்ணைச் சோதிக்க முதல் நாள் நீங்கள் வந்தபோது, இது கடை மட்டும்தான், ராத்திரி பூட்டிவிட்டுத் தாராவிக்குப் போய்விடுவோம் என்று அப்பா சொன்னார். கையில் காகிதத்தோடு யார் வந்தாலும் எங்கள் வரிசையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். குடியிருப்பது தெரிந்தால் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம். கடை இருக்கும் மண்ணில் பெட்ரோல் கொஞ்சம் மிஞ்சலாம், ஆட்கள் தூங்கும் இடத்தில் அதைவிட மிகக் குறைவாகத்தான் மிஞ்சலாம் என்று இரண்டு அளவுகள் இருப்பது அப்பாவுக்குத் தெரியாது. நீங்கள் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்த நேரம் பார்த்து அரிசி மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து ஷர்மிளா அழுதாள். வேறு யாராவது என்றால் அப்பாவைத் திட்டியிருப்பார்கள். நீங்கள் பேனாவை மூடிவிட்டு, "அண்ணாச்சி, பாப்பா தூங்குற தரையை மட்டும் காட்டுங்க" என்றீர்கள். அப்பா தானே மூட்டைகளை நகர்த்தினார்.

கடைக்குரிய அளவு வந்துவிட்டது, இதற்கு மேல் தோண்ட முடியாது என்று பம்ப் முதலாளி சேட் கத்தியது, அன்று கடையைப் பார்க்க வந்திருந்த எங்களுக்கும் கேட்டது. வீட்டுக்குரிய அளவு வரும்வரை, வேலை முடிந்தது என்ற காகிதத்தில் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. அது முடிந்ததுமே உங்களுக்கு மாற்றல் வந்தது. சொல்லிக்கொண்டு போக முலுண்டுக்கு வந்தபோது, ஏன் அக்கா என்று கேட்டேன். நாக்பூர் ஆரஞ்சு நன்றாக இருக்குமாம் என்று சிரித்தீர்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

இன்று காலை மீட்டர் பார்க்க ஒருவர் வந்தார். அப்பா பழக்கத்தில், கடை மட்டும்தான் என்றார். பிறகு ஷர்மிளாவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வீடும்தான் என்றார். இதுவரை யாரும் எங்களைக் காலி செய்யச் சொல்லவில்லை.

மும்பைக்கு வந்தால் நீங்கள் லாட்ஜில் தங்கக் கூடாதாம். அப்பா எழுதச் சொன்னார். ஷர்மிளா பக்கத்தில் உங்களுக்குப் பாய் விரித்து வைப்போம். ஒரு ராத்திரியாவது எங்கள் தரையில் தூங்கிவிட்டுப் போங்கள் அக்கா.

என்றும் நன்றியுள்ள தங்கை,
ஸ்ரீதேவி வேலுச்சாமி