மூடி உடையும் வரை

மார்ச் 3
இன்றைக்கும் மூடி மடிப்புதான். மெஷின் தள்ளுகிற மாத்திரை டப்பாவைச் சூடு போவதற்குள் எடுத்து, டப்பாவோடு ஒட்டியே வரும் மூடியை ஒரு தடவை மடித்துத் திறக்க வேண்டும். முதல் மடிப்பு சூட்டில் விழுந்தால் அந்த இடம் லேசில் உடையாது. ஆறிய பிறகு மடித்தால் வெளுத்து, சீக்கிரம் உடைந்துபோகும். பாலிப்ரொப்பிலீன் என்ற இந்த பிளாஸ்டிக்கின் குணம் அப்படி. மெஷின்காரர் எதற்கெடுத்தாலும் "சூடு ஆறட்டும்" என்பார், அதனால் அவருக்குப் பெயரே சூடாறி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரும் ஆறவிட மாட்டார்.

பிளாஸ்டிக் பரிசோதனைக்கூடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. வேலை எனக்குத்தான், 28-ஆம் தேதி சேர வேண்டும். அண்ணனிடம் காட்டினேன். "போயேன், யாரு வேணாம்னா? அடுத்த மாசம் பாப்போம்." இதற்கு முன் வந்த இரண்டு கடிதத்துக்கும் இதே அடுத்த மாசம்தான். பட்டறை அவருடையது, நான் இருக்கும் மாடி அவருடையது, என்னைப் படிக்க வைத்ததும் அவர். எந்த முகத்தோடு எதிர்த்துப் பேசுவது?

மார்ச் 4
ஒரு டப்பாவைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். கை சும்மா இருக்கும்போதெல்லாம் மடிப்பேன். மூடி உடைகிற அன்று கிளம்பிவிடுவேன். என்னோடு நானே கட்டிய பந்தயம்.

மார்ச் 9
2,300. ஒரு வெள்ளைக் கோடுகூட விழவில்லை.

மார்ச் 12
அண்ணியின் சமையலறையில் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பா, மாவு டப்பா, சூடுபடுத்தும் கிண்ணம், எல்லாவற்றின் அடியிலும் முக்கோணத்துக்குள் 5, பாலிப்ரொப்பிலீனின் எண். நாற்காலி, அரிசிச் சாக்கு, பாட்டில் மூடி என்று எல்லாம் அதே சாதிதான். கொதிக்கிற தண்ணீர் ஊற்றினாலும் நெளியாது, தண்ணீரில் போட்டால் மிதக்கும். வெயில் மட்டும் ஆகாது.

"என்னத்தடி தேடுற? உனக்கு இங்க என்ன குறைச்சல்?" என்றாள் அண்ணி.

ஒரு குறையும் இல்லை. அதுதான் மூச்சு முட்டுகிறது.

மார்ச் 17
6,100. கட்டைவிரல் வீங்கிவிட்டது. மூடி அப்படியே இருக்கிறது.

மார்ச் 19
அண்ணன் இப்படிச் செய்வார் என்று நினைக்கவில்லை. மாத்திரை டப்பா லாட்டில் பழைய வாளி, பெயிண்ட் டப்பா எல்லாம் அரைத்துக் கலந்திருக்கிறார். டப்பா சாம்பல் நிறத்தில் வருகிறது. மருந்து வைக்கிற டப்பா! புது மூலப்பொருள் மட்டும், ஆயிரம் மடிப்பு தாங்க வேண்டும் என்று ஆர்டரிலேயே இருக்கிறது. சோதனைத் தாளில் நான்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

"நீ கையெழுத்த மட்டும் போடு பாப்பா, மத்தத நான் பாத்துக்கறேன்."

பாப்பாவாம். முப்பத்தி நாலு வயசு எனக்கு. போட மாட்டேன்னு சொல்ல வாய் வரலையே... நாளைக்குப் போடறேன்னு சொல்லிட்டு வந்தேன். முன்ன வந்த ரெண்டு கடிதத்துக்கும் இப்படித்தான் தலையாட்டினேன், என்னைக்கும் இப்படித்தானா?

மார்ச் 21
8,000. இன்று எனக்கே சிரிப்பு வந்தது. இது உடையாது. உடையாது என்று மூன்று வருடம் படித்தவள் நான். ஆயிரமாயிரம் மடிப்பு தாங்கும் பொருளைத் தேடிப்பிடித்து, முதல் மடிப்பையும் சூட்டோடு நானே போட்டு, அதன்மேல் பந்தயம் கட்டியிருக்கிறேன். அண்ணன் பூட்டவில்லை. போகப் பயந்து நானே பூட்டிக்கொண்டு பழியை அவர்மேல் போட்டிருக்கிறேன்.

மார்ச் 22
சாம்பல் லாட்டில் ஒன்றை எடுத்துக்கொண்டு அண்ணனின் மேசைக்குப் போனேன். அவர் முன்னால் வாய்விட்டு எண்ணி மடித்தேன். முப்பத்தி ஏழாவதில் மூடி கையோடு வந்துவிட்டது.

"சூட்டுல மடிச்சிருக்க மாட்டாங்க" என்றார்.

"நான்தான்ணே மடிச்சேன்."

தாளை எடுத்து, '37. தேறவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். தாளைத் தன் பக்கம் இழுத்துப் படித்தார்.

"இப்படி எழுதினா உன்ன எப்படி இங்க வச்சுக்கறது?"

"வச்சுக்காதீங்கண்ணே."

சொல்லிவிட்டேன்.

மார்ச் 28
புது மேசை, புது நாற்காலி. நாற்காலியும் 5-தான்.

மத்தியானம் சூடாறி போன் பண்ணினார். சாம்பல் லாட் முழுவதையும் அண்ணன் அரைக்கச் சொல்லிவிட்டாராம், அதில் இனி வாளிதான் செய்வார்களாம். "மூடி மடிக்க ஆள் சரியா வரலம்மா. உங்கண்ணனே உக்காந்து மடிக்கறாரு. விரல் வலிக்குதான்னு உங்கள கேக்கச் சொன்னாரு."

வலிக்கிறது என்று சொல்லச் சொன்னேன்.

அந்தப் பழைய டப்பா இழுப்பறையில் இருக்கிறது. விரல் வலி மாத்திரையை அதில்தான் போட்டிருக்கிறேன். இன்று ஒரே ஒரு தடவைதான் திறந்தேன்.