எந்த மூச்சோடு ஒப்பிட்டார்கள், அப்பா?

என் அன்பு அப்பா,

நீங்கள் எங்களை விட்டுப் போய் நாலு வருடம் ஆகிறது. வட்டகொடைக்கு மேலே தோட்டத்தில் நம் லயத்து வீட்டில் இப்போது தம்பி குடும்பம் இருக்கிறது. நான் ஆஸ்பத்திரியில் மூச்சுச் சோதனை அறையில் வேலை பார்க்கிறேன். உங்களை ஊதச் சொன்னார்களே, அதே மாதிரி மெஷின்.

பெக்டரியில் தேயிலைத்தூள் சலிக்கும் இடத்தில் இருபது வருடம் நின்றீர்கள். ஏற்றம் ஏறினால் மூச்சு வாங்கியது. வேறு வேலை கேட்டபோது சோதனைக்கு அனுப்பினார்கள். 'நோர்மல்' என்று தாள் வந்தது. தோட்டத்தை நடத்தும் துரை மறுபடியும் சலிக்கவே அனுப்பினார். துரையிடம் போய்ப் பேசலாம் என்றேன். நீங்கள்தான் தடுத்தீர்கள்.

"மெஷினு பொய் சொல்லாது புள்ள. எனக்குத்தான் வயசாயிருச்சு."

போன மாதம் அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஊதுவதற்கு முன் வயது, உயரத்தோடு இனத்தையும் மெஷினில் பதிகிறோம். தெற்காசியர் என்று போட்டால், இவருக்கு இவ்வளவு மூச்சு போதும் என்று அது எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்கிறது. உங்கள் தாளிலும் அப்படித்தான் போட்டிருந்தது. இனம் பார்க்காத புதிய அளவில் உங்கள் எண்களைப் போட்டேன். நோர்மல் என்று வரவில்லை அப்பா.

யாருடைய நுரையீரலைப் பார்த்து நமக்கு இது போதும் என்று முடிவு செய்தார்கள்? விறகுப் புகையில் வளர்ந்தவர்களையே சுகமானவர்கள் என்று எடுத்துக்கொண்டார்களா? அந்த அளவை மெஷினில் வைத்தது யார் என்று கேட்டேன். வந்தபோதே அப்படித்தான் இருந்தது என்கிறார்கள். அந்த அளவில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. புதிய அளவையும் முழுதாக நம்பவில்லை. நானே எத்தனை பேருக்கு யோசிக்காமல் தெற்காசியர் என்று அழுத்தியிருக்கிறேன்?

சென்ற வாரம் உங்களோடு சலித்த செல்வி அக்கா வந்தார். "எனக்கும் ஒண்ணுமில்லன்னுதான் வருமா?" என்று கேட்டார். பழைய அளவில் நோர்மல், புதியதில் குறைவு. இரண்டு தாளையும் டாக்டரிடம் கொண்டுபோனேன். எது சரி என்று அவராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனால் மூன்று வருடத்துக்கு முன் அக்கா ஊதிய தாள் கோப்பில் கிடைத்தது.

"அவங்க மூச்ச அவங்களோட பழைய மூச்சோட வச்சுப் பாருங்க" என்றார் டாக்டர்.

மூன்று வருடத்தில் மூச்சு நிறையவே குறைந்திருந்தது. தூசியில்லாத வேலை கொடுக்கும்படி எழுதிக் கொடுத்தார். நேற்று முதல் அக்கா தேயிலைக் கன்று வளர்க்கும் இடத்தில் வேலை செய்கிறார்.

உங்களுக்கு வேறு தாள் வந்திருந்தால் இருந்திருப்பீர்களா? தெரியாது. யாரைக் கேட்பது?

சலிக்கும் இடத்தில் இன்னும் பதினோரு பேர் நிற்கிறார்கள். அவர்களுக்கு இளைப்பு வருமுன்னே ஒவ்வொருவரையும் ஊத வைத்து, அவரவர் மூச்சை அவரவர் பெயரில் எழுதி வைப்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் மூத்த மகள்,
புஷ்பா