உன் வீட்டு மரம் பாணான கதை

திருகோணமலை
1.1.1965

அன்பு மகள் றுக்கியாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் வாப்பாவும் உம்மாவும் கை கால் குறையாமல் இருக்கிறோம், மாத்தளையில் நீயும் அப்படியே இருக்க துஆச் செய்கிறோம். தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் அடங்காத ஒரு சங்கதி இருக்கிறது, எழுத உட்கார்ந்தால் மனதில் இருப்பது பயமா சந்தோஷமா என்று எனக்கே தெரியவில்லை.

புயலோடு நமது பேக்கரியின் விறகுக் கொட்டில் போய்விட்டது, விறகெல்லாம் கடல்தண்ணீரில் ஊறிக் கிடந்தது. கோதுமை மா மட்டும் உயரத் தட்டில் இருந்ததால் தப்பியது. பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் குடிசை இழந்து வந்த சாம்பல்தீவுச் சனம், பிள்ளைகளோடு இரண்டு நாளாகப் பட்டினி. மாவைக் குழைத்துவிடலாம், பாண் சுடும் போறணையை எதனால் சூடாக்குவது? அப்போதுதான் உம்மா பரணை அண்ணாந்து பார்த்தாள். அங்கே உன் கலியாணத்துக்குக் கட்டிக் கொடுக்கும் வீட்டுக்கென்று, துறைமுகத்தில் பழைய கட்டடங்கள் உடைக்கும்போதெல்லாம் ஆறு வருஷமாக நான் வாங்கிச் சேர்த்த கூரை தாங்கும் தேக்குத் தீராந்திகளும் சலாகைகளும் கதவுகளும் நனையாமல் இருந்தன. ஏலாது என்றேன். அது பிள்ளையின் வீடு, மாப்பிள்ளை ஜவாஹிர் வீட்டாருக்கு எந்த முகத்தோடு பதில் சொல்வது என்று சத்தம் போட்டேன். உம்மா ஒன்றுதான் சொன்னாள், "அங்க பசியில கிடக்கிறதும் பிள்ளைகள்தானே" என்று. பிறகு நானேதான் ஏணியை வைத்தேன் மகள்.

கோடாலிச் சத்தம் கேட்டு, உன் வீட்டைக் கட்டித்தர இருந்த தச்சர் முருகேசண்ணன் ஓடி வந்தார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ ஒரு மரத்துண்டைத் தூக்கி மணந்து பார்த்து, "பெயின்ற் பூசினதைப் போறணைக்குள்ள எரிச்சால் பாண் சாப்பிடேலாது, சனத்துக்கு வயித்து வருத்தம்தான் வரும். பொறுங்கோ, நான் நல்லதாத் தெரிஞ்சு தாறன்" என்று சொல்லி, பெயின்றும் தாரும் பட்டதை ஒதுக்கிவிட்டு வெறும் மரமாகப் பிளந்து தந்தார். எது எந்த அறைக்கு என்று தீராந்திகளில் சோக்கால் எழுதி வைத்தவரும் அவர்தான், கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பிளந்தார். நாற்பது ஐம்பது வருஷம் காய்ந்த தேக்கு எப்படி எரியும் என்று நீ பார்த்திருக்க வேண்டும்! முதல் தட்டுப் பாண் வெளியே வந்தபோது பள்ளிக்கூடமே எழுந்து வந்து நின்றது. ஐந்து நாள் போறணை ஆறவில்லை.

மூன்றாம் நாள் பகல் ஜவாஹிரின் உம்மா, பரீனா மாமி, கிண்ணியாவிலிருந்து தோணியில் வந்து இறங்கினார். அந்த நேரம் பார்த்து "றுக்கியா அறை" என்று எழுதிய தீராந்தி போறணை வாயில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாகக் கிடந்தது. வாசித்துவிட்டார். உம்மாதான் எல்லாவற்றையும் சொன்னாள். மாமி, "நானும் பாணுக்குத்தான் வந்தனான், எங்கட பக்கமும் சனம் பட்டினி" என்றார். இரண்டு சாக்குக் கட்டிக் கொடுத்தோம். தோணியில் ஏறும்போது திரும்பி, "கலியாணத்தைத் தள்ள வேணாம். வீடு வாற நேரம் வரட்டும், பிள்ளை என்ட வீட்டில வந்து இருக்கட்டும்" என்றாரே! நமது பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் எந்தக் கலியாணம் நடந்தது? உம்மாவுக்குச் சந்தோஷத்தில் அழுகை நிற்கவில்லை.

நான் மட்டும் இன்னும் மறுமொழி சொல்லவில்லை. பாதையெல்லாம் உடைந்து கிடக்கிறது, நோன்பு லீவு என்று அவசரப்பட்டு வெளிக்கிடாதே. சஹர் சாப்பிடாமல் நோன்பு பிடிக்காதே, உன் வயிறு உனக்குத் தெரியும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் நிறைந்த வாழ்வையும் தரட்டும். பரீனா மாமி சொன்னதற்கு உன் மனம் என்ன என்பதை உம்மாவுக்காகவும் எனக்காகவும் பாராமல் உன் கையாலேயே எழுது. உன்னைக் கேட்காமல் உன் வீட்டை எரித்துவிட்டேன், உன்னைக் கேட்காமல் மாமிக்கு ஓம் என்று சொல்லமாட்டேன்.

உன் மறுமொழிக்குக் காத்திருக்கும் வாப்பா,
ஸெய்னுதீன்