மூடாத காவல் அறை

மார்ச் 3

திருகாணி அம்மாளுக்கு,

புளுகன் எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஆறு வருடமாக அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறேன். போனில் பேசினால் கதையளந்துவிடுவேன், எதுவானாலும் காகிதத்தில் எழுது என்றாய். அதனால் எழுதுகிறேன்.

நம் பொம்மைக் கோட்டையைக் கம்பெனி மறுபடியும் கொண்டுவருகிறது. நீ வடிவமைத்து நான் வரலாறு எழுதிய அதே பொம்மை. ஒன்பது மடிப்பில் எழுந்து நின்று ரோபோ ஆகும் அதே ஆசாமி. உன் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் கெட்டிக்காரி. வந்த இரண்டாம் நாளே அதன் இடது தோளைத் தடவிப் பார்த்து, "சார், இந்தக் காவல் அறை மட்டும் ஏன் மூடவே மாட்டேங்குது?" என்றாள். "அது வரலாறும்மா" என்றேன். "இல்ல சார், கீல் தப்பு" என்றாள்.

உனக்கு நினைவிருக்கும். முதல் மாதிரி வந்த அன்று அந்த அறை துருத்திக்கொண்டு நின்றது. முதலாளி கத்தத் தொடங்குவதற்குள் நான் எழுந்து ஒரு கதை விட்டேன். கோட்டை போருக்கு எழுந்தால் உள்ளே குடியிருக்கும் நானூறு பேரும் வெளியேற வேண்டும். காவலாளி மட்டும் போகமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அவருக்கு மூச்சு முட்டக்கூடாதென்று ரோபோ அந்த ஒரு கதவை மூடுவதில்லை. முதலாளி கைதட்டினார். காவலாளி சாப்பிட்டாரா என்று கேட்டு எத்தனை பிள்ளைகள் கடிதம் போட்டார்கள்!

இப்போது கீலைத் திருத்தி அறையை மூடப்போகிறார்கள். காவலாளி ஏன் போனார் என்று நான் எழுத வேண்டும். ஒரு வரிகூட வரமாட்டேன் என்கிறது. ஏன் போனார், நீ சொல்லேன்.

வீடு அப்படியே இருக்கிறது. கட்டிலில் நீ படுக்கும் பக்கத்து ஜன்னல்தான் இறுகிப்போய்த் திறக்கவில்லை.

உன் புளுகன்

*

மார்ச் 11

புளுகர் அவர்களுக்கு,

ஜன்னல் சட்டத்தில் மெழுகுவர்த்தியைத் தேயுங்கள், திறக்கும். இதற்கெல்லாம் ஆறு வருடமா?

காவலாளியைப் பற்றித்தான் கேட்கிறீர்களா? சரி, இருக்கட்டும். நான் இங்கே ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்கு மடிப்புப் போடுகிறேன். கட்டில் மடங்காவிட்டால் மறுநாளே திருப்பி அனுப்பிவிடுவார்கள், யாரும் அதற்கு வரலாறு எழுதுவதில்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஒரு தட்டு, ஒரு டம்ளர். பேச ஆளில்லாமல் சில நாள் குக்கரோடு பேசுகிறேன், அதுவாவது பதிலுக்கு விசில் அடிக்கிறது.

முப்பதாம் தேதிக்குள் இன்னும் ஐந்து வருட வேலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். போடவா, வேண்டாமா? நீங்கள் சொல்கிறபடி செய்வேன். ஒரு வரி போதும். கதை மட்டும் வேண்டாம்.

திருகாணி

*

மார்ச் 18

என் திருகாணிக்கு,

கதை வேண்டாம் என்றாய். ஆனால் உன் கடிதத்தைப் படித்ததுமே காவலாளி விஷயம் பிடிபட்டுவிட்டது, கேள்!

தூரத்தில் இன்னொரு கோட்டை. அங்கே எல்லோரும் நோயாளிகள். அவர்களைப் பார்த்துக்கொள்ளக் கைதேர்ந்த ஆள் வேண்டும் என்று ஓலை வருகிறது. காவலாளி தயங்குகிறார். நம் ரோபோ குனிந்து, "போய் வாருங்கள், உங்களால் எனக்குப் பெருமை" என்கிறது. அவர் போனதும் கதவைத் தானே மூடிக்கொள்கிறது. படித்ததும் முதலாளிக்கே கண் கலங்கிவிட்டது. எப்படி?

கையெழுத்து விஷயம். உன் முன்னேற்றத்துக்கு நான் குறுக்கே நிற்பேனா? உனக்கு எது நல்லதோ அதைச் செய்.

உன் புளுகன்

*

மார்ச் 30

உங்களுக்கு,

இன்று காலை கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஒன்று சொல்ல வேண்டும். முதல் மாதிரி வந்த அன்று ஸ்க்ரூடிரைவர் என் கையில் இருந்தது. ஒரு மணி நேரம் கிடைத்திருந்தால் அந்தக் கீலைச் சரிசெய்திருப்பேன். அதற்குள் நீங்கள் எழுந்து வரலாறு சொன்னீர்கள், எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். அப்போது ஆசையாகத்தான் இருந்தது. பிறகு வீட்டில் எது கோணினாலும் அதே கதைதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் தப்பைச் சரிசெய்வது ஒன்றுதான். நீங்கள் அதைச் செய்யவே விடவில்லை.

நான் பெட்டியோடு கிளம்பிய அன்றும், "திருகாணி உலகத்தையே முடுக்கப் போறா!" என்று பக்கத்து வீட்டாரையெல்லாம் சிரிக்க வைத்தீர்கள். நானும் சிரித்தேன். பஸ்ஸில் ஏறித்தான் அழுதேன். போகாதே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை இறக்கி வைத்திருப்பேன். இந்தத் தடவையும் அதற்குத்தான் காத்திருந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

*

ஏப்ரல் 9

அன்புள்ள உனக்கு,

ஐந்து காகிதம் கிழித்துவிட்டேன். எல்லாவற்றிலும் கதை வந்துவிட்டது.

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லியும் நீ போய்விட்டால் அதற்கு என்னிடம் கதை இருக்காதே என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

காவலாளி போன வரலாற்றை முதலாளியிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். விளக்கப் புத்தகத்தில் அந்த இடத்தில், "முதல் வெளியீட்டில் காவல் அறையின் கீல் தவறாக அமைந்திருந்தது. இப்போது திருத்தப்பட்டுள்ளது" என்று எழுதிக் கொடுத்தேன். "என்னய்யா ஆச்சு உனக்கு?" என்றார் முதலாளி.

என்னால் தனியாக இருக்க முடியவில்லை. வா.

*

ஆகஸ்ட் 2

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடாததற்கு மன்னியுங்கள். தினமும் எடுத்துப் படித்தேன்.

இங்கே கடைக்குப் புதுக் கோட்டை வந்திருந்தது, வாங்கினேன். புத்தகத்தில் நீங்கள் எழுதிய இரண்டு வரியையும் கடையிலேயே நின்று படித்தேன். பிறகு அறையில் உட்கார்ந்து ஒன்பது மடிப்பும் போட்டேன். அந்தப் பெண் நன்றாகச் செய்திருக்கிறாள். தோள் வழுவழுவென்று இருக்கிறது, அங்கே ஓர் அறை இருந்ததே தெரியவில்லை.

உங்களிடம் சொல்லாமல் ஒரு காரியம் செய்திருந்தேன். கிளம்பிய அன்று முதல் மாதிரியின் காவல் அறையில் இருந்த குட்டிக் காவலாளி பொம்மையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆறு வருடமாக என்னோடுதான் இருக்கிறார். புதுக் கோட்டைக்குள் அவரை வைக்கப் பார்த்தேன். எந்தப் பக்கம் திருப்பினாலும் இடமில்லை.

நான் வரவில்லை. அவரையும் அனுப்பவில்லை, என் மேசையிலேயே இருக்கட்டும்.

ஜன்னல் திறந்ததா?

திருகாணி